அம்மாவின் விரல்கள் காலையில் மடங்கவில்லை: இது எந்த வாதம்?

கேள்வி, 2 மார்ச் 2024

என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை என்கிறார். ஒன்பது மணிக்கு மேல் பரவாயில்லை. வயதானால் எல்லாருக்கும் வருகிற மூட்டுவலிதானே, கோடாலித் தைலம் தேய்த்து இரவில் இரண்டு பெனடால் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று அண்ணன் சொல்கிறார். மருத்துவரிடம் போவதா, பொறுத்துப் பார்ப்பதா?

2 மார்ச் 2024, இரவு

பொறுத்துப் பார்க்க வேண்டாம், தம்பி. இந்த வாரமே அரசின் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

‘ஒன்பது மணிக்கு மேல் பரவாயில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டு என்னால் தூங்கப் போக முடியவில்லை. அம்மா எத்தனை மணிக்கு எழுகிறார்? ஆறு மணிக்கு எழுந்து ஒன்பது வரை விரல் மடங்கவில்லை என்றால் அது மூன்று மணி நேர இறுக்கம். தேய்மானத்தால் வரும் இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். ஒரு மணி நேரத்தையும் தாண்டி நீடித்தால் மூட்டுக்குள் அழற்சி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

எனக்கு 2013இல், 49 வயதில் தொடங்கியது. அப்போது ஆரம்பப்பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் இரும்புக் கேட்டில் ஒரு பெரிய பூட்டு தொங்கும். காலை ஆறேகாலுக்குக் கிளம்பும்போது சாவியைப் பூட்டுக்குள் நுழைத்துவிடுவேன், திருப்ப முடியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சாவி இருப்பது தெரியும், அதை அழுத்திப் பிடிக்கும் வலுதான் வராது. கும்பிடுவதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, நடுவில் சாவியை வைத்து, உடம்பையே ஒருபக்கமாகத் திருப்பித்தான் திறப்பேன். பத்து மணிக்கு வகுப்பில் வெண்பலகையில் ஒன்றுமே நடக்காததுபோல் எழுத வரும். அதனால்தான் நானும் பொறுத்துப் பார்த்தேன். 14 மாதங்கள் போயின.

மருந்தகத்துக்குப் போகும் முன் இவற்றைக் கவனித்து எழுதி வையுங்கள். வலி விரலின் எந்தக் கணுவில்? நகத்தை ஒட்டிய நுனிக்கணுவிலா, நடுக்கணுவிலா, விரல் உள்ளங்கையோடு சேரும் அடிக்கணுவிலா? இரண்டு கைகளிலுமா? மணிக்கட்டு வீங்குகிறதா? யாராவது கை குலுக்கினால் உயிர் போகிறதா? காலையில் வீக்கம் இருக்கும்போதே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். மருத்துவர் பார்க்கும் நேரத்துக்கு வீக்கம் வடிந்திருக்கும். என் கைகளைப் பார்த்த முதல் மருத்துவர் பிற்பகல் மூன்று மணிக்குப் பார்த்தார். வயதுக்கேற்ற வலி என்றார்.

ரத்தச் சோதனை எடுத்தால் தெரிந்துவிடும்.

3 மார்ச் 2024

நேற்று அவசரத்தில் நோயின் பெயரையே எழுதாமல் விட்டேன். எனக்கு இருப்பது முடக்குவாதம், உடலின் காவல் அணுக்கள் தன் மூட்டுகளையே தாக்கும் நோய். உங்கள் அம்மாவுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் மருத்துவர் அல்லள். ஆனால் இந்தப் பெயர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் காலதாமதம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

தமிழில் ‘வாதம்’ என்ற ஒரே சொல் எத்தனை நோய்களைச் சுமக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூளையில் ரத்தம் அடைத்துக் கைகால் இழுத்துக்கொண்டால் பக்கவாதம். போலியோவுக்கு இளம்பிள்ளைவாதம். மூட்டு வீங்கினால் கீல்வாதம், முடக்குவாதம். எனக்கு முடக்குவாதம் என்று ஊரில் இருக்கும் சித்திக்குத் தொலைபேசியில் சொன்னபோது, எந்தப் பக்கம் விழுந்தது, பேச்சு வருகிறதா என்று கேட்டு அழுதார். ‘மூட்டுவலி’ என்று சொன்ன இடத்தில் யாரும் அசையவில்லை, அது எல்லாருக்கும் உள்ளதுதானே என்றார்கள். ஒரு சொல் கூடுதலாகப் பயமுறுத்தியது. இன்னொன்று பயமே இல்லாமல் செய்துவிட்டது. இரண்டாவதால்தான் எனக்குக் கேடு.

மூட்டு நோய்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. வீடுகளில் அடிக்கடி பார்ப்பவை மூன்று: தேய்மானம், முடக்குவாதம், யூரிக் அமிலத்தால் வரும் கௌட். எங்கள் ஒரே வீட்டில் மூன்றும் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், கணவருக்குக் கௌட், எனக்கு முடக்குவாதம். மூவரும் பல ஆண்டுகள் ஒரே தைலப் புட்டியைப் பகிர்ந்துகொண்டோம்.

5 மார்ச் 2024

தேய்மானம் என்றால் வெறும் தேய்வுதானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எங்கள் அம்மா அதை ‘எண்ணெய் வத்திப் போச்சு’ என்பார். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு மெலிந்து சொரசொரப்பாகிறது. அடியிலுள்ள எலும்பு தடித்து ஓரங்களில் முளைவிடுகிறது. மூட்டைச் சுற்றியுள்ள தசை வலுவிழக்கிறது. ஓரளவு அழற்சியும் உண்டு. ஆகவே வண்டிச் சக்கரம் தேய்வதுபோல் என்று சொல்வது பாதி உண்மைதான். மறுபாதி முக்கியமானது. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு நீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. நடக்கும்போது அழுந்துவதும் விடுபடுவதுமாக, பஞ்சு நீரை இழுப்பதுபோல் இழுத்துக்கொள்கிறது. வலிக்கிறதே என்று காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்த்தால் குருத்தெலும்பும் பட்டினி, தொடைத் தசையும் சூம்பிப்போகும். எங்கள் அம்மாவை நாங்கள் அன்பினாலேயே அப்படி உட்கார வைத்தோம். நான்கு ஆண்டுகள். அப்போது எங்கள் பழைய புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, ஒரு மாடி ஏறியே ஆக வேண்டும் என்பதால் அம்மாவைக் கீழே அனுப்புவதையே நிறுத்திவிட்டோம். இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது.

பிறகு இயன்முறை மருத்துவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்கச் சொல்லிக் கொடுத்தார். தொடையின் முன்தசை வலுவானால் முழங்கால் தாங்கும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும் என்றும் சொன்னார். அம்மா ஐந்து கிலோ குறைத்தார். ஊடுகதிர்ப் படத்தை (எக்ஸ்ரே) பார்த்துப் பயந்துவிட வேண்டாம் என்றும் அவர் சொன்னார். படத்தில் மோசமாகத் தெரியும் முழங்கால் வலிக்காமல் இருப்பதும், படத்தில் ஓரளவுக்கு நன்றாக இருப்பது உயிரை வாங்குவதும் நடப்பதுதான்.

இருந்தும் கடைசியில் 2016இல், 74 வயதில், வலது முழங்காலுக்கு மாற்று அறுவை செய்ய வேண்டியிருந்தது. மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். இப்போது பொருத்தும் செயற்கை முழங்கால்களில் பத்தில் எட்டு 25 ஆண்டுகள்வரை உழைக்கின்றன என்பதால் அந்த வயதில் செய்வதில் தயங்க ஒன்றுமில்லை. 2018 தைப்பூசத்தன்று ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில்வரை பால்குடத்தோடு நடந்தார். தரையில் சம்மணமிட்டு உட்காருவதை மட்டும் விட்டுவிட்டார். பூசையறையில் ஒரு முக்காலி போட்டிருக்கிறோம்.

6 மார்ச் 2024

கைவிரல் நுனிக்கணுக்களில் கொட்டைப்பாக்குபோல் கெட்டியாக முடிச்சு இருந்தால் அது முடக்குவாதமா என்று கேட்டவருக்கு: நுனிக்கணுவில் கெட்டி முடிச்சு பெரும்பாலும் தேய்மானத்தின் அடையாளம், தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருவது வழக்கம். முடக்குவாதம் அநேகமாக நுனிக்கணுவை விட்டுவிட்டு அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு, பாதத்தின் விரலடிகளைப் பிடிக்கும். தொட்டால் கொழுகொழுவென்று, வெதுவெதுப்பாக இருக்கும்.

9 மார்ச் 2024

கௌட் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். என் கணவரின் அனுமதியோடு எழுதுகிறேன்.

செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை செய்தார். ஒரு நாள் பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். இடது கால் பெருவிரல் அடி சிவந்து, தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியிருந்தது. போர்வை நுனி பட்டாலே பல்லைக் கடித்தார். மின்விசிறிக் காற்று பட்டால்கூட வலிக்கிறது என்று அதை அணைக்கச் சொன்னார். பட்டறையில் எதிலோ இடித்திருப்பார் என்று நான் நினைத்தேன். ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதால் மறந்துவிட்டோம். எட்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தது, பிறகு மூன்று மாதத்தில், பிறகு கணுக்காலில்.

ரத்தத்தில் யூரிக் அமிலம் அளவுக்கு மேல் சேர்ந்தால் அது ஊசிபோன்ற படிகமாக மூட்டுக்குள் இறங்குகிறது. உடலின் காவல் அணுக்கள் அந்தப் படிகத்தைத் தாக்கும்போது எழும் சண்டைதான் அந்த வலி. வலி போவதால் படிகம் போய்விடுவதில்லை, அங்கேயே கிடக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் என் கணவர் அல்லோபியூரினாலை மூன்று முறை தொடங்கி மூன்று முறை நிறுத்தினார். அந்த மாத்திரை வலிக்கானதே இல்லை. யூரிக் அமிலத்தைக் குறைத்து, கிடக்கும் படிகத்தை ஆண்டுக்கணக்கில் கரைப்பதற்கானது. தொடங்கிய புதிதில் படிகம் கரைவதாலேயே வலி வருவதுண்டு. அதற்காகவே முதல் சில மாதங்கள் கோல்ச்சிசின் சேர்த்துக் கொடுப்பார்கள். ‘இந்த மாத்திரையால்தான் வலி வருகிறது’ என்று அவர் தூக்கி எறிந்தது அந்தச் சமயத்தில்தான்.

அல்லோபியூரினால் தொடங்கும் எல்லாரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். முதல் சில மாதங்களில் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான தோல் பாதிப்பு வரலாம். சீனர்களிடையே அது அதிகம் என்றாலும் நம்மவர்களிடமும் இருக்கிறது. சிறுநீரகக் குறை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் அந்த மரபணுச் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

யூரிக் அமில அளவு 6க்குக் கீழே இருக்க வேண்டும். பருப்பு, கீரை, தக்காளி எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

10 மார்ச் 2024

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தங்கள்.

ஒன்று, அளவு. 6 என்பது ஒரு டெசிலிட்டரில் உள்ள மில்லிகிராம் கணக்கு. இங்கே நம் ரத்தச் சோதனைத் தாள்களில் மைக்ரோமோல் கணக்கில் வரும். அதில் 360க்குக் கீழே இருக்க வேண்டும். ‘என் அளவு 420, ஆறைப்போல் எழுபது மடங்கா?’ என்று ஒருவர் பதறிப்போய் எழுதிவிட்டார். மன்னிக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன்: வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த சோதனையில் அளவு இயல்பாகக் காட்டலாம். வலி தணிந்து சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும்.

இரண்டு, பருப்பு. என் மாமியார் சொல்லிச் சொல்லி எனக்குள் ஊறிப்போனதை எழுதிவிட்டேன். பருப்பு, கீரை போன்ற தாவர உணவுகளால் கௌட் அதிகரிப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்ட செய்தி. குறைக்க வேண்டியவை ஈரல், குடல், ஆட்டுக்கால் சூப், இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு), இறால், பியர், சர்க்கரை கலந்த குளிர்பானம். வெயிலில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் தூண்டிவிடும். சாம்பாரை நிறுத்திவிட்டு பியரை வைத்துக்கொண்ட குடும்பங்கள் நம்மிடையே நிறைய இருக்கின்றன. உணவை மாற்றினாலும் யூரிக் அமிலம் ஓரளவுதான் இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து தேவைப்பட்டவருக்கு அது உணவுக் குறையின் தண்டனை ஆகாது.

கோல்ச்சிசின் என்றதும் ஒரு செய்தி. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் பொருள் அதுதான். கார்த்திகைக் கிழங்கு என்று கிராமத்தில் சொல்வார்கள். அதனால் கிழங்கை அரைத்துச் சாப்பிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது கொல்லும் நஞ்சு. மாத்திரையிலும் மருத்துவர் சொன்ன எண்ணிக்கையை ஒன்றுகூடத் தாண்டக் கூடாது. வயிற்றுப்போக்கு தொடங்கினால் உடனே அவரிடம் சொல்ல வேண்டும்.

11 மார்ச் 2024

வாதம் என்ற சொல்லைப் பற்றி 3ஆம் தேதி குறைபட்டுக்கொண்டேன். இது தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 19ஆம் நூற்றாண்டு லண்டனிலும் எல்லா மூட்டு வீக்கத்துக்கும் இரண்டொரு பெயர்களைத்தான் மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். ஆல்ஃபிரட் பேரிங் கேரோட் என்ற மருத்துவர் 1848இல் கௌட் நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். பிறகு ரத்தத்தின் தெளிநீரில் சிறிது அமிலம் விட்டு, ஒரு நூலிழையைப் போட்டு வைத்தால், கௌட் உள்ளவரின் நூலில் படிகம் ஒட்டிக்கொள்ளும் என்று சோதித்துக் காட்டினார். நூலில் படிகம் ஒட்டாதவர்களுக்கு இருப்பது வேறு நோய் என்றாகிறதல்லவா? அந்த வேறு நோய்க்கு 1859இல் அவர்தான் ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்று இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை வைத்தார். அதுவே நமது முடக்குவாதம். அந்த நூலை நினைக்கும்போதெல்லாம், எனக்கும் யாராவது 2013இல் ஒரு நூல் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

16 மார்ச் 2024

தம்பி எழுதிவிட்டார். மருந்தகத்தில் ரத்தம் எடுத்தார்களாம். அழற்சி அளவு கூடியிருக்கிறது. ஆனால் முடக்குக் காரணி என்னும் ஆர்எஃப் ‘இல்லை’ என்று வந்திருக்கிறது. ‘பார்த்தாயா, வாதம் இல்லை’ என்று அண்ணன் சொல்கிறாராம்.

2ஆம் தேதி ‘ரத்தச் சோதனை எடுத்தால் தெரிந்துவிடும்’ என்று நான் எழுதிய வரி தவறு. அதை நம்பி அண்ணன் அப்படிச் சொல்லியிருந்தால் பிழை என்னுடையது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்காவது ஆர்எஃப் இருக்காது. நோயே இல்லாத சிலருக்கு, முக்கியமாக முதியவர்களுக்கு, அது இருக்கும். ஆன்டி-சிசிபி என்று இன்னொரு சோதனை உண்டு. அது இருந்தால் நோயை இன்னும் உறுதியாகச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுபவமுள்ள மருத்துவர் ஒவ்வொரு கணுவையும் விரலால் அழுத்திப் பார்ப்பதுதான் சோதனை. ருமட்டாலஜி என்னும் மூட்டு நோய்ப் பிரிவின் மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். மருந்தகத்தின் கடிதத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்.

விரைவு ஏன் என்றால், முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கியவர்களுக்கு எலும்பு அரிப்பு வெகுவாகக் குறைகிறது. அரித்த எலும்பு திரும்ப வளராது. என் வலக்கை நடுவிரல் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருப்பது அந்த 14 மாதங்களின் கணக்கு.

24 மார்ச் 2024

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சென்ற வாரம் ஒருவர், ‘ஒரு மூலிகை மாத்திரை கிடைக்கிறது, மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது, பெயர் வேண்டுமா’ என்று எனக்குத் தனியாக எழுதியதால் எழுதுகிறேன்.

நானும் அப்படி ஒன்றைச் சாப்பிட்டேன். 2014இல் ஒரு தெரிந்தவர் மூலமாக வந்தது. பெயர்ச் சீட்டில்லாத வெள்ளைப் புட்டி, உள்ளே பழுப்பு நிறக் கூடுமாத்திரை. நான்காம் நாள் காலை சாவியை இரண்டு விரலால் திருப்பினேன். பூட்டைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து பார்த்தேன். வாசலில் நின்று அழுதேன். வாசலில் கோலம் போட்டேன், முறுக்கு அச்சைப் பிடித்துப் பிழிந்தேன். இரண்டாம் மாதத்தில் முகம் உப்பி வட்டமானது. ‘சதை போட்டு அழகாகிவிட்டாய்’ என்றார்கள். தாகம் தாங்கவில்லை, ரத்தச் சர்க்கரை மில்லிமோல் கணக்கில் 14 இருந்தது, மிக அதிகம். பயந்துபோய் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்கி மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மாத்திரையில் இருந்தது ஸ்டீராய்டு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் உடம்புக்குத் தேவையான அளவுகூட இருக்காது. ஆகவே அப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்து நிறுத்திவிடாமல், புட்டியோடு மருத்துவரிடம் போங்கள். சுகாதார அறிவியல் ஆணையம் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த மூட்டுவலி மருந்துகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எச்சரித்துவருகிறது.

ஸ்டீராய்டு கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் படுக்கையில் கிடந்த ஓர் இளம் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். சில நாள்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. கூடுதல் அளவில் நீண்டகாலம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் விரைவிலேயே தெரிந்தது. இன்றும் எனக்கு நோய் சீறும்போது மருத்துவர் சில வாரங்களுக்கு ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்து, படிப்படியாகக் குறைக்கிறார். அளவு தெரிந்து கொடுப்பது வேறு, அளவு தெரியாமல் புட்டியில் வருவது வேறு. கொடுத்தவர் பெயரைக் கேட்காதீர்கள். அவரும் தம் அம்மாவுக்கு அதையே கொடுத்துவந்தார்.

25 மார்ச் 2024

நாட்டு மருந்து எல்லாமே ஆபத்தா என்று கேட்டவருக்கு: முடக்கத்தான் கீரையில் தோசை வார்த்துச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன், தேக்கா சந்தையில் சில நாள் கிடைக்கிறது. முடக்கு அற்றான் என்று பெயரிலேயே நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். அதைச் சாப்பிடுவதால் மருத்துவரின் மாத்திரையை நிறுத்தலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு நாளில் நல்ல செய்தி. தம்பியின் அம்மாவை ருமட்டாலஜி மருத்துவர் பார்த்துவிட்டார். ஆன்டி-சிசிபி இருக்கிறது, முடக்குவாதம்தான். மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் இணையத்தில் தேடி, ‘இது புற்றுநோய் மருந்து, அம்மா சாப்பிடக் கூடாது’ என்கிறாராம்.

அண்ணனுக்குக் கோபம் வேண்டாம், பயம் நியாயமானது. அந்த மருந்து புற்றுநோய்க்கென்று வந்ததுதான். அங்கே கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் நமக்குக் கொடுப்பது மிகச் சிறிய அளவு. முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் 1988இல் ஒப்புதல் கிடைத்து, இன்று உலகமெங்கும் முதல் மருந்தாக இதைத்தான் தொடங்குகிறார்கள். நான் பத்து ஆண்டுகளாகச் சாப்பிடுகிறேன்.

வாரத்துக்கு ஒரு முறை மட்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். நாள்தோறும் சாப்பிட்டதால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கிடைக்கும் மெத்தோட்ரெக்சேட் சிறிய மஞ்சள் மாத்திரை, ஒன்று 2.5 மில்லிகிராம். உடன் கொடுக்கும் ஃபோலிக் அமிலமும் மஞ்சள். ஒருமுறை கண்ணாடி போடாமல் உள்ளங்கையில் கொட்டி வைத்துக்கொண்டு எது எது என்று தெரியாமல் நின்றேன். அன்றிலிருந்து ஃபோலிக் அமிலம் சமையலறை அலமாரியில், மெத்தோட்ரெக்சேட் படுக்கையறை இழுப்பறையில். சாப்பிட்டதும் நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டுவிடுவேன்.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். இரண்டாம் வாரத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லீரல், ரத்த அணு சோதனைகளுக்குத் தவறாமல் போக வேண்டும். மது குறைய வேண்டும், இயன்றால் வேண்டாம். காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரையைப் போடும் முன் மருத்துவமனையை அழைத்துக் கேளுங்கள். வேறு மருத்துவர் சிறுநீர்த் தொற்றுக்கோ சளிக்கோ கோட்ரைமோக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதினால், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இரண்டும் சேரக் கூடாது. பிள்ளை பெறத் திட்டமிடும் பெண்கள் இதை முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும் என்பதை இளம் வயதில் முடக்குவாதம் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

15 ஏப்ரல் 2024

செலவு பற்றி: முடக்குவாதமும் மூட்டுத் தேய்மானமும் மெடிசேவ் என்னும் நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தை வெளிநோயாளிச் சிகிச்சைக்குப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் இருக்கின்றன. கௌட் 2021இல் சேர்ந்தது. ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு உண்டு. 65 வயதானவர் இருக்கும் சிங்கப்பூரர் குடும்பமென்றால் வீவகவின் ஈஸ் திட்டத்தில் குளியலறைக் கைப்பிடியும் வழுக்காத தரையும் குறைந்த செலவில் போட்டுத் தருவார்கள். அம்மாவுக்காக நாங்கள் போட்டோம். இன்று அந்தக் கைப்பிடியை அதிகம் பிடிப்பவள் நான்.

2 மே 2024

வேறு வகைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. கொசுக்கடிக்குப் பிறகு காய்ச்சலோடு மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டால் சிக்குன்குனியாவாக இருக்கலாம். சிங்கப்பூரில் அது முதன்முதலில் உள்ளூரிலேயே பரவியது 2008 ஜனவரியில், நம் லிட்டில் இந்தியாவின் கிளைவ் ஸ்திரீட் பக்கத்தில்தான். சிலருக்கு மாதக்கணக்கில் மூட்டுவலி நீடிக்கும். தலையில் பொடுகுபோல் செதில், நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழி, ஒரு விரல் முழுவதும் வீக்கம் என்றால் சொரியாசிஸ் என்ற தோல் நோய் சார்ந்த மூட்டழற்சியாக இருக்கலாம். என் அக்காள் மகளுக்கு அதுதான், நகத்தைப் பார்த்தே மருத்துவர் சொல்லிவிட்டார். இருபது, முப்பது வயதில் கீழ்முதுகு விடியற்காலையில் இறுகி, ஓய்வெடுத்தால் கூடி, நடந்தால் குறைகிறது என்றால் முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து காய்ச்சலும் அடித்தால், இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் சில நாள்களிலேயே மூட்டு கெட்டுவிடும்.

22 ஜூன் 2024

பத்து வாரம் ஆயிற்று. தம்பி எழுதியதை அப்படியே தருகிறேன்: ‘அம்மா இன்று ஆறரைக்கே தேநீர் ஆற்றினார். குவளையைப் பிடித்து ஆற்றினார், அக்கா.’

அந்த வரியை என் கணவருக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

23 ஜூன் 2024

சாவிக்கு நான் என்ன செய்தேன் என்று தம்பி கேட்டிருக்கிறார், அவர்கள் வீட்டுக் கேட்டிலும் அதே மாதிரிப் பூட்டாம். பெரிதாக ஒன்றுமில்லை. சாவித் தலையில் உள்ள ஓட்டையில் ஒரு சாண் நீளமுள்ள மரக் கரண்டிக் காம்பைக் கம்பியால் குறுக்காகக் கட்டினேன். விரலால் கிள்ளிப் பிடிக்க வேண்டாம், முழுக் கையாலும் பற்றித் திருப்பலாம். சிறிய மூட்டுக்குப் போகும் சுமை மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் பரவிவிடும். கம்பி முனையை உள்ளே மடக்கித் துணி சுற்றுங்கள், அம்மாவின் கை கிழியாமல் இருக்கும். பூட்டுக்குள் மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.